விழும் உளியும் நீளும் கையும்

மரவேலைப் பட்டறைகளில் கூர்மையான கருவி கைதவறி விழுவதால் ஏற்படும் காயங்களைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் முதலில் உதிர்க்கும் அறிவுரை ‘கவனமாக இருக்க வேண்டும்’ என்பதுதான். அதில் பிழை ஏதுமில்லை, பயனும் ஏதுமில்லை. கவனம் என்பது நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அது தளர்கிறது, கைப்பேசி ஒலித்தால் சிதறுகிறது, மாலைக்குள் தருவதாகச் சொன்ன கதவுக்காக வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றுவிட்டால் அறவே காணாமல் போகிறது. ஆகவே, உளி என்றேனும் விழத்தான் செய்யும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அது விழும் பாதையில் கையோ காலோ தொடையோ இராதபடி பட்டறையையும் பழக்கத்தையும் அமைத்துக்கொள்வதே அறிவுடைய வழி. (கவனத்தை மட்டுமே நம்பும் முதலாளிகள் தங்கள் வாகனங்களுக்கு மட்டும் தவறாமல் காப்பீடு எடுத்துவிடுவது தனிக்கதை.)

பட்டறையில் விழக்கூடிய கூர்ங்கருவிகள் பல. வாய்ச்சி, இழைப்புளி, ரம்பம், அரம், கோடு கிழிக்கும் கத்தி, திருப்புளி என அப்பட்டியல் நீளும். எனினும் உளியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் ஏனையவற்றின் போக்கும் பெரும்பாலும் விளங்கிவிடும். உளியில் மரத்தைச் சீவும் எஃகுப் பகுதி அலகு என்றும், அலகின் நுனியில் தீட்டப்பட்ட விளிம்பு வாய் என்றும், கையில் பிடிக்கும் மரப்பகுதி பிடி என்றும், பிடி பிளவாமல் இருக்க அதன் முனையில் மாட்டப்படும் உலோக வளையம் பூண் என்றும் சொல்லப்படும். கொட்டாப்புளியால், அதாவது மரத்தாலான சுத்தியலால், தட்டி வேலை செய்யும் உளியும் உண்டு. உள்ளங்கையின் அழுத்தத்தால் மட்டுமே சீவும் மெல்லிய உளியும் உண்டு. பின்னது எடை குறைந்தது என்பதால் அதைப் பலரும் அசட்டையாக வைப்பர். ஆனால் சீவலுக்கென்றே மிகக் கூராகத் தீட்டப்படுவதால் அதுவே அதிகம் அஞ்சத் தக்கது.

நின்று வேலை செய்யும் மேசையின் உயரம் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் என்று கொண்டால், அதன் விளிம்பிலிருந்து நழுவிய உளி தரையைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 0.4 நொடி, தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரை நெருங்கிவிடும். கண் கண்டதை மூளை உணர்ந்து கையை அசைக்கக் குறைந்தது 0.2 நொடி வேண்டும் என்பதால், கை அசையத் தொடங்கும் கணத்தில் உளி ஏற்கெனவே 20 சென்டிமீட்டர் கீழே போயிருக்கும். எஞ்சிய 0.2 நொடியில், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டும் சுழன்றுகொண்டும் இருக்கும் ஒரு பொருளை முந்திச் சென்று, அதன் பிடியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பற்றுவது சர்க்கஸ் கலைஞருக்கே கடினம். கை சென்று சேர்ந்தாலும், அது எதைப் பற்றப்போகிறது என்பதை முடிவு செய்வது கைக்கு உரியவர் அல்லர், உளியின் சுழற்சிதான்.

விழும் உளியின் ஆற்றலைக் கணக்கிட்டால் தொகை அற்பமாகவே தோன்றும். 250 கிராம் எடையுள்ள உளி அந்த உயரத்திலிருந்து விழும்போது அது சுமந்து வருவது 2 ஜூல் அளவே. ஒரு கிலோ எடையை 20 சென்டிமீட்டர் தூக்கிக் கீழே விட்டால் கிடைக்கும் ஆற்றலும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் காயத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பது ஆற்றலின் அளவு மட்டுமன்று, அது எவ்வளவு பரப்பின் மீது இறங்குகிறது என்பதும் ஆகும். சுத்தியலின் முகம் சில நூறு சதுர மில்லிமீட்டர் பரப்புடையது. நன்கு தீட்டிய ஓர் அங்குல உளியின் வாயோ சில மைக்ரான் தடிப்பே உடையது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதே 2 ஜூல் சுத்தியல் வழியாக வந்தால் கன்றிப்போன விரலோடு முடியும். உளி வழியாக வந்தால் அழுத்தம் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகித் தோலைப் பொருட்படுத்தாமல் உள்ளே போகும்.

இவ்வளவும் தெரிந்த தேர்ந்த தச்சரும் ஏன் கையை நீட்டுகிறார் என்ற கேள்விக்குப் பொதுவாகத் தரப்படும் விடை, அது அனிச்சைச் செயல் என்பது. அனிச்சை என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. உண்மையில் அதற்குப் பின்னே நல்ல பொருளாதாரக் காரணம் ஒன்று இருக்கிறது. சிமெண்ட் தரையில் வாய் படும்படி விழுந்த உளியின் முனையில் பல்விழும். அந்தப் பல் மறையும் வரை அலகைச் சாணையில் தேய்த்து, 25 பாகைச் சரிவை மீண்டும் உண்டாக்கி, சாணைக்கல்லில் எண்ணெயிட்டு 30 பாகையில் வாயைத் தீட்டி, அலகின் பின்முகத்தில் எழும் பிசிரை நீக்கி முடிப்பதற்குள் அன்றைய வேலையின் ஒரு பகுதி போய்விடும். அவசரத்தில் சாணையில் அழுத்தி எஃகைச் சூடாக்கிவிட்டால் விளிம்பு நீலம் பாரித்துப் பதம் இழந்துவிடும் என்ற அச்சமும் உண்டு. கருவியை உயிராக மதிக்கும் கைக்கு அந்த 0.4 நொடியில் தோன்றுவது ‘உளி போச்சே’ என்பதே தவிர ‘கை போகுமே’ என்பதன்று. கருவி மீதான மரியாதை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகக் கை நீளும்.

அதனால் கையைக் காப்பதற்கான எளிய வழி, உளியைக் காப்பது. வேலைமேசையைச் சுற்றி ஒருவர் நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பையோ பழைய பலகைகளையோ போட்டுவைத்தால், விழும் உளியின் வாய் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். விழுந்தாலும் நட்டமில்லை என்று தெரிந்த கை மெல்ல மெல்ல நீளுவதை நிறுத்தும். ஐரோப்பியப் பட்டறைகள் பலவற்றில் மரத்தளமே இருப்பதற்குக் குளிரும் கால்வலியும் முதன்மைக் காரணங்களாயினும், விழும் கருவியின் வாய் தப்புவது அதன் கூடுதல் பயன். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் சிமெண்ட் தரையோ மண் தரையோ இருப்பதே வழக்கம். மண் தரை இவ்விஷயத்தில் சிமெண்டைவிட இரக்கமுள்ளது. மரச்சுருளைக் கூட்டாமல் விட்டாலே போதுமே, அதுவே மெத்தைதானே என்று சிலர் வாதிடுவதுண்டு. சுருள் குவியலுக்குள் விழுந்த உளி கண்ணுக்குத் தெரியாது, வெறுங்காலோடு அடுத்து அங்கே வருபவரின் பாதமே அதைக் கண்டுபிடிக்கும் என்பதால் அந்த வாதத்தை ஏற்பதற்கில்லை.

கையைவிடக் கால் செய்யும் கேடு அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது என்று கருத இடமுண்டு. விலையுயர்ந்த கைப்பேசி கைநழுவும்போது காலை நீட்டிப் புறங்காலில் வாங்கி அதன் கண்ணாடியைக் காப்பாற்றும் வித்தையை ஒரு தலைமுறை முழுவதும் தானாகவே கற்றுவைத்திருக்கிறது. கால்பந்து ஆடியவர்களிடம் இப்பழக்கம் இன்னும் வலுவாக இருக்கும். வீட்டில் பாராட்டைப் பெறும் இந்தக் கால், பட்டறையில் உளி விழும்போதும் அதே விசுவாசத்தோடு முன்னே போய் நிற்கும். புறங்காலில், பெருவிரலை மேலே தூக்கும் தசைநாண் தோலுக்கு நேர் கீழே ஓடுகிறது; விரலை உயர்த்திப் பார்த்தால் அது கயிறுபோல் புடைத்துத் தெரியும். மருத்துவர் நாடி பார்க்கும் பாதத் தமனி ஒன்றும் அதை ஒட்டியே செல்கிறது. அங்கே கொழுப்பும் இல்லை, தடித்த தசையும் இல்லை. ஓர் அங்குல உளி அந்த இடத்தில் இறங்கினால் தசைநாண் அறுந்து, அறுவை செய்து தைக்கும் வரை பெருவிரலைத் தூக்கவே முடியாத நிலை உண்டாகலாம்.

சமையற்கலை கற்பிக்கும் இடங்களில் கத்தி நழுவினால் இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு பின்னால் ஓரடி வைக்க வேண்டும் என்று முதலிலேயே பயிற்றுவது வழக்கம். மரவேலையில் அப்படி ஒரு பாடம் பெரும்பாலும் இல்லை. ஆனால் இதை உளி விழும்போது மட்டும் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால் பயிற்சி தோற்கும். 0.2 நொடியில் மூளை ‘ஏதோ விழுகிறது’ என்பதை மட்டுமே அறிகிறது, விழுவது பென்சிலா உளியா என்று ஆராய்வதற்கு அதற்கு நேரமில்லை. பென்சிலைப் பிடிக்கும் கை உளியையும் பிடிக்கத்தான் செய்யும். எனவே பட்டறைக்குள் எது விழுந்தாலும், அளவுகோலோ ஆணிப் பொட்டலமோ தேநீர்க் குவளையோ ஆயினும், பிடிக்காமல் விலகுவது என்ற ஒரே விதியை எடுபிடியாகச் சேரும் பையன் முதல் வாரத்திலேயே பழக வேண்டும். (தேநீர்க் குவளையை விட்டுவிட்டதற்காக அவனைத் திட்டாத பெரியவரும் அங்கே இருக்க வேண்டும், பயிற்சியின் கடினமான பகுதி அதுவே.)

இதுவரை சொன்னவை நின்று வேலை செய்வோருக்குப் பொருந்துபவை. தமிழகத்து மரபில் ஆசாரிமார் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலாலோ பாதங்களுக்கு இடையிலோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு உளி செலுத்துவதே நெடுங்கால வழக்கம். ஜப்பானியத் தச்சரிடமும் தரையில் அமர்ந்து காலைக் கிடுக்கியாக்கும் இம்முறை உண்டு. புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்ப வேலையைப் பார்த்தவர்கள், ஒரே சிற்பியைச் சுற்றி வெவ்வேறு அகலமும் வளைவும் கொண்ட உளிகள் சிதறிக் கிடப்பதைக் கவனித்திருப்பர். இங்கே விழும் உயரம் 30 சென்டிமீட்டருக்கு மேல் இராது. ஆற்றலும் நின்று வேலை செய்பவரின் உளிக்கு உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. இதனால் அமர்ந்து செய்யும் வேலை பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் 30 சென்டிமீட்டர் விழுவதற்கு ஆகும் நேரம் 0.25 நொடி மட்டுமே. விலகுவதற்கு நேரம் அறவே இல்லை, விலகுவதற்கு இடமும் இல்லை. மடித்த கால்கள் உளிக்கு நேர் கீழேயே இருக்கின்றன.

அமர்ந்திருப்பவரிடம் வேறோர் ஆபத்தான அசைவும் உண்டு. மடியிலிருந்து ஏதேனும் நழுவினால் முழங்கால்கள் இரண்டும் சட்டென்று நெருங்கி, வேட்டியையோ லுங்கியையோ தொட்டிலாக்கி அதைத் தாங்க முயலும். நிலைகுத்தாக வரும் உளியை இவ்வாறு தாங்கினால் தொடையின் உட்புறமே அதற்குக் கிடைக்கும் உறை. இடுப்பு மடிப்புக்குக் கீழே, தொடையின் உட்பக்கமாகத் தொடைத் தமனி இறங்குகிறது; காலுக்குச் செல்லும் குருதியின் பெரும்பகுதியைச் சுமக்கும் இக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களுக்குள் உயிர் போகக்கூடும். இறைச்சியிலிருந்து எலும்பை நீக்கும் தொழிலாளர்கள், கத்தி தம் பக்கமாகச் சறுக்கும் ஆபத்துக்காக, உலோக வளையங்களால் பின்னிய முன்கவசத்தை இடுப்பிலிருந்து தொடைவரை அணிவது இதனால்தான். தச்சருக்கு அவ்வளவு வேண்டியதில்லை. மடிமீது தடித்த தோலையோ, இரண்டாக மடித்த சாக்கையோ, மெல்லிய பலகையையோ போட்டுக்கொண்டாலே உளியின் வேகத்தின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். உளியைச் செலுத்தாதபோது அதை மடியில் வைப்பதைத் தவிர்த்து, வலப்புறம் ஒரு கட்டையில் இட்ட துளைகளில் செருகிவைப்பதும் எளிதில் பழகக்கூடியதே.

மேசையிலிருந்து உளி எவ்வாறு கிளம்புகிறது என்பதும் ஆராயத் தக்கது. கையிலிருந்து நேரே நழுவுவது ஒரு வகை. ஆனால் மேசைமேல் கிடந்த உளியைச் சட்டைக் கையோ, திருப்பிப் போடும் நீளச் சட்டமோ, மின்கம்பியோ தள்ளிவிடுவதும், கொட்டாப்புளியின் அதிர்வில் அது அங்குலம் அங்குலமாக விளிம்பை நோக்கி நகர்வதும் பட்டறையில் நாள்தோறும் காணக்கூடியவை. விளிம்பில் சாய்ந்து விழும் பொருள் எப்படிச் சுழலும் என்பதை, வெண்ணெய் தடவிய ரொட்டித்துண்டு ஏன் வெண்ணெய்ப் பக்கமாகவே விழுகிறது என்ற வேடிக்கையான கேள்வியின் வழியே ராபர்ட் மாத்யூஸ் என்ற பிரித்தானிய இயற்பியலாளர் 1995ஆம் ஆண்டு ஐரோப்பிய இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் கணக்கிட்டுக் காட்டினார். நகைப்பூட்டிச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு அடுத்த ஆண்டே அவருக்குக் கிடைத்தது. மேசை உயரத்திலிருந்து விழும் ரொட்டிக்கு முழுச்சுற்று சுற்ற நேரமில்லை என்பதே அவர் கண்ட காரணம்.

அதே கணக்கை உளிக்குப் பொருத்தினால் பயனுள்ள முடிவு ஒன்று கிடைக்கிறது. உளி ரொட்டியைவிட நீளமானது, ஆகவே இன்னும் மெதுவாகச் சுழலும். மேசை விளிம்பில் குறுக்காகக் கிடந்து சாய்ந்து விழும் உளி தரைக்கு வருவதற்குள் ஏறத்தாழ கால் சுற்றுக்கும் அரைச் சுற்றுக்கும் இடைப்பட்ட அளவே திரும்பியிருக்கும். எந்த முனை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததோ அந்த முனையே கீழ்நோக்கி வரும். வாய் வேலையாளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அது நேராகப் பாதத்தை நோக்கி இறங்கும். வாய் மேசையின் உட்புறமும் பிடி வெளிப்புறமும் இருந்தால் பிடியே முதலில் தரையைத் தொட வாய்ப்பு அதிகம். உளியின் வாயை உள்நோக்கி வைக்க வேண்டும் என்று மூத்தோர் சொல்வதை மரியாதை சார்ந்த பழக்கம் என்று எண்ணி அலட்சியம் செய்யும் இளையோருக்கு இது போதிய சான்று.

விளிம்புக்கு இணையாக வைத்த உளி சாய்வதில்லை, உருளும். பிடி உருண்டையாகக் கடையப்பட்டிருந்தால் சிறு அதிர்வும் அதை உருட்டப் போதும். எட்டுப் பட்டையாகச் செதுக்கிய பிடிகள் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. தச்சர் பென்சில் தட்டையாகச் செய்யப்படுவதற்கும் அது சரிவில் உருளாமல் கிடக்க வேண்டும் என்பதே காரணம். கடைச்சலில் செய்த உருண்டைப் பிடியாயினும், அதன் ஒரு பக்கத்தை இழைப்புளியால் இரண்டு சீவு சீவித் தட்டையாக்கிவிட்டால் உருளல் நின்றுவிடும், உளியைப் பாராமலே வாயின் திசையை விரல் அறிந்துகொள்ளும் வசதியும் கூடும். மேசையின் முன்விளிம்பில் அரை அங்குல உயரத்தில் சட்டம் அடித்து அணை கட்டிவிடலாம் என்று தோன்றும். பலரும் அதைச் செய்துபார்த்து, நீளப் பலகையை இழைக்கும்போது இடைஞ்சலாக இருப்பதால் அடுத்த வாரமே பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். பின்விளிம்பை ஒட்டிப் பள்ளமாக அமைக்கப்படும் கருவித் தொட்டி ஐரோப்பிய மேசைகளில் உண்டு. அதில் கருவி விழாது என்பது உண்மை. சில மாதங்களில் சுருளும் திருகாணியும் உடைந்த பென்சிலும் அதை நிரப்பிவிட, அடியில் வாய்திறந்து கிடக்கும் உளியைத் துழாவி எடுக்கும் விரல்களுக்கு அது புதிய ஆபத்தாகிவிடும்.

வைப்பதற்கென்று ஓர் இடம் இருந்தால்தான் கருவி மேசைமேல் கிடக்காது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு தச்சர் ரூபோ தம் மரவேலை நூலில் வரைந்து காட்டிய மேசையிலேயே கருவிகளைச் செருகிவைக்கும் சட்டம் இடம்பெற்றுள்ளது. அத்தகைய சட்டத்தில் இரு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். துளை உளியின் பூண் வரை தாங்க வேண்டும், வெறுமனே அலகு தொங்கினால் இடித்தவுடன் துள்ளி விழும். வாய்கள் கீழே வெளித்தெரியாதபடி முன்னால் ஒரு பலகை மறைப்பு வேண்டும். சுவரில் ஒட்டும் காந்தப் பட்டை பார்ப்பதற்குக் கவர்ச்சியானது, சமையலறைக் கத்திக்கு ஏற்றது. பக்கத்தில் சுத்தியல் அதிரும் பட்டறையில் கனமான உளியை அதில் ஒட்டவைப்பதை ஆதரிப்பதற்கில்லை. எதில் வைத்தாலும் அந்த இடம் மேசையின் பின்புறச் சுவரில் இருக்க வேண்டும். அங்கிருந்து தவறும் கருவி மேசைமேல் விழும், காலில் விழாது.

பிடி கையிலேயே இருக்க, அலகு மட்டும் கழன்று விழுவதும் உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் மரப்பிடி காய்ந்து சுருங்கும்போது பூண் தளர்கிறது. பிடிக்குள் செருகிய அலகின் வால் ஆடத் தொடங்குகிறது. மண்வெட்டிக்கும் கோடரிக்கும் செய்வதுபோலத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிடியை இறுக்குவது ஊரறிந்த வைத்தியம். ஊறிய மரம் உப்பும்போது, இறுகிய இரும்புக்குள் விரிய இடமில்லாமல் அதன் நார்கள் நசுங்கிவிடுகின்றன. மீண்டும் காயும்போது நசுங்கிய நார்கள் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை என்பதால், பிடி முன்னிலும் அதிகமாக ஆடும். ஒவ்வொரு ஊறலும் அடுத்த தளர்வை வளர்க்கிறது என்று சொன்னால் மிகையாகாது. நன்கு காய்ந்த மரத்தில் புதிய பிடி போடுவதே சரியான தீர்வு. சுத்தியல், வாய்ச்சி போன்றவற்றின் காம்புக்கு ஆப்பு அடித்து இறுக்கலாம். பிடிக்கு வார்னிஷ் பளபளப்பாகப் பூசுவதும் வேண்டாத அலங்காரம். வியர்த்த கையில் அது வழுக்கும், எண்ணெய் மட்டும் தேய்த்த மரம் பற்றுக் கொடுக்கும்.

வேலை நடக்கும் வீட்டுக்குக் கருவிகளைச் சுமந்து செல்லும் தச்சர், உளியின் வாய்க்கு உறை செய்துகொள்வதில் சிக்கனமான திறமை காட்டுவர். பழைய சைக்கிள் டியூபை இரண்டு அங்குலம் வெட்டி அலகில் செருகி, நுனியை மடித்து நூலால் கட்டினால் உறை ஆயிற்று. ரப்பருக்குள் வியர்வையும் ஈரமும் தங்கித் துரு ஏறும் என்பதால், செருகும் முன் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அலகைத் துடைப்பர். இத்தகைய உறை பைக்குள் நுழையும் கையைக் காப்பதோடு, பையின் அடி கிழிந்து உளி நழுவும் வேளையில் பாதத்தையும் காக்கும். ஏணியின் உச்சிப் படியில் திருப்புளியை வைத்துவிட்டு இறங்கி, மறந்துபோய் ஏணியை நகர்த்துவது இன்னொரு பழைய பிழை. கைமாற்றும்போது பிடியை முன்னே நீட்டி, ‘வாங்கிக்கிட்டேன்ணே, விடுங்க’ என்ற சொல் காதில் விழும் வரை விடாமல் இருப்பது நல்லது. அதனினும் நல்லது, கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்து, மற்றவர் தாமே எடுத்துக்கொள்ள விடுவது.

எண்ணெய்க் கிணறு, கட்டுமானம் போன்ற பெருந்தொழில்கள் விழும் பொருளைத் தனித் துறையாகவே ஆராய்கின்றன. வடகடல் எண்ணெய்த் தொழிலில் 1999ஆம் ஆண்டளவில் உருவான ட்ராப்ஸ் என்ற அமைப்பு, பொருளின் எடையையும் விழும் உயரத்தையும் கொண்டு காயத்தின் கடுமையை ஊகிக்கும் வரைபடம் ஒன்றை வகுத்தது. கருவியைக் கயிற்றால் உடலோடோ சட்டத்தோடோ பிணைக்கும் சாதனங்களுக்கு அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு தனித் தரநிலையே வந்தது. தச்சுப் பட்டறைக்கு இவற்றை அப்படியே கொண்டுவர இயலாது. அந்த வரைபடம் மழுங்கிய பொருட்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது, கூர்முனைக்கு அது பொருந்தாது. உளியைக் கயிற்றில் கட்டினால் அது விழாமல் ஊசலாடி முழங்காலைத் தேடி வரும். உயரத்தில் நின்று கூரை வேலை செய்வோர் சுத்தியலைக் கயிற்றில் பிணைப்பது வேறு விஷயம், அங்கே காக்கப்படுபவர் கீழே நடப்பவர்.

காலணியைப் பொறுத்தவரை, இந்தியத் தரநிலையான ஐஎஸ் 15298 குறிப்பிடும் பாதுகாப்புக் காலணியின் முனைக்கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது ஒப்பாகும். விழும் உளியின் ஆற்றலைப் போல் நூறு மடங்கு தாங்கும் காலணி இருக்கக் கவலை எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கவசம் விரல்களை மட்டுமே மூடுகிறது, உளி விரும்பிச் சேரும் புறங்காலில் தோல் மட்டுமே இருக்கிறது. ஆயினும் தடித்த தோல் ஒரு தடையே. ஹவாய் செருப்பின் இரண்டு வார்களுக்கு இடையில் திறந்து கிடக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் அது கோட்டை. சென்னை வெயிலில் நாள் முழுவதும் தோல் பூட்ஸ் அணியச் சொல்வது எளிது, அணிவது கடினம் என்பதையும் மறுக்க முடியாது; மேசையில் உளி வேலை நடக்கும் வேளையிலாவது மூடிய காலணி என்ற சமரசம் நடைமுறைக்கு ஒத்துவரும். சட்டம் வந்து வற்புறுத்தும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மின்விசை உள்ள இடங்களில் 10 தொழிலாளரையும், அது இல்லாத இடங்களில் 20 பேரையும் வரம்பாக வைத்தது. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அவற்றை 20, 40 என உயர்த்தியது. மூன்று பேர் வேலை செய்யும் தெருமுனைப் பட்டறை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

இத்தனைக்குப் பிறகும் காயம் பட்டுவிட்டால், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்து, காயம்பட்ட உறுப்பை உயர்த்துவதே முதல் உதவி. காப்பித்தூளும் மஞ்சளும் புண்ணை அடைத்து, மருத்துவர் அதைக் கழுவும் வேலையை இரட்டிப்பாக்கும். கருவி உள்ளே குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. அதுவே அறுந்த குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம் என்பதால் அசையாமல் கட்டி, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். இரத்தம் நின்றபின் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பது இன்றியமையாதது. வலி குறைந்தும் ஒரு விரல் அசையாவிட்டால் தசைநாண் அறுந்திருக்கலாம், அது தானே சேராது. இரணஜன்னி துருவால் வருகிறது என்ற நம்பிக்கையால், பளபளக்கும் உளி பட்ட காயத்துக்கு ஊசி தேவையில்லை என்று நினைப்பவர் பலர். அந்நோயின் கிருமி மண்ணிலும் தூசியிலும் வாழ்கிறது, காற்று புகாத ஆழமான காயத்தில் பெருகுகிறது; பட்டறைத் தரையின் தூசு பட்ட ஆழமான காயமாயின், முந்தைய ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட்டுக்கொள்வதே முறை.

கருவி விழுந்து எவருக்கும் ஒன்றும் ஆகாத வேளையில், அதை எடுத்து ஊதிவிட்டு உடனே வேலையைத் தொடர்வது இயல்பு. அவ்வாறு தொடரும் முன் ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். உளியின் பிடியில் மயிரிழைக் கீறல் இருந்தால் அடுத்த கொட்டாப்புளி அடியில் அது பிளந்து உள்ளங்கையில் ஏறும். வார்ப்பிரும்பாலான இழைப்புளி நொறுங்கும் தன்மை உடையதாகையால், அலகு வெளிவரும் வாய்ப்பகுதியின் இருபக்கங்களிலும் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கை அரவை இயந்திரம் விழுந்தால் கண்ணால் பார்ப்பதும் போதாது. அதில் மாட்டியிருக்கும் சிராய்ப்புத் தட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்றுகளை எட்டக்கூடியது. தரையில் மோதிய தட்டில் வெளித்தெரியாத வெடிப்பு இருந்தால் அவ்வேகத்தில் அது துண்டுகளாகச் சிதறி முகத்தை நோக்கி வரும். வெட்டுத்தட்டின் விலை சில பத்து ரூபாய்தான். விழுந்த தட்டைக் கழற்றி உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, புதியதை மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்ட பின்னரே வேலையில் வைக்க வேண்டும்.